காக்கட்டான் பூத்த காலை

அக்கா பூவைப் பார்க்கமாட்டார்; இலையைத்தான் பார்ப்பார். வேலியில் எந்தக் கொடி படர்ந்திருந்தாலும் நின்று, ஓர் இலையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பி, அடிப்பக்கத்து நரம்பைத் தடவுவார். அப்புறம் தண்டைத் தடவி, மெல்லிய முடிபோன்ற சுணை இருக்கிறதா என்று பார்ப்பார். அதெல்லாம் முடிந்த பிறகுதான், போனால் போகிறது என்று பூவை ஒரு பார்வை. "பூ எல்லாம் ஒண்ணு மாதிரிதான் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். அத நம்பக் கூடாது. இலைய கேளு, அது சொல்லும்" என்பார். அவரை நினைத்தவுடன் எனக்கு முதலில் கண்ணுக்குத் தெரிவது, ஓர் இலையைத் திருப்பிப் பிடித்திருக்கும் அந்தக் கைதான். முகம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

மலேசியாவில், அலோர் ஸ்டாரில் என் மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு செடிக்கடை இருக்கிறது. போன மாதம் அங்கே நீலமும் சிவப்பும் ஊதாவுமாகப் புனல் பூக்களைத் தொட்டியில் படரவிட்டுக் கம்பியில் தொங்கப் போட்டிருந்தார்கள். எது எது என்ன கொடி என்று கடைக்காரத் தம்பியைக் கேட்டேன். "எல்லாம் மார்னிங் குளோரிதாம்மா, கலர்தான் வேற லா" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை மேல் என்ன தப்பு? ஆனாலும் வந்தது. இவை எல்லாம் ஒன்றில்லை என்பதை ஒரு வீடே விலை கொடுத்துத் தெரிந்துகொண்ட கதை அவனுக்கு எப்படித் தெரியும்? ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்து, இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. லூனாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயம் என்ற வரிசை வீடுகளில் கடைசி வீட்டில், அண்ணன் தம்பி இருவரும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்று வாழ்ந்தார்கள். ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். மாமியார் இல்லாத வீடு என்று எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். போய்ப் பார்த்தால் மாமியார் வேலையையும் சேர்த்து அக்காதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அதட்டிப் பேசத் தெரியாத மாமியார். எனக்கு அவரைவிடப் பத்து வயதாவது குறைவு. அவருக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை என்னிடம் ஒருநாளும் காட்டியதில்லை.

மூத்தாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அண்ணன், அக்காவுக்குக் கணவர். நெட்டையான மனிதர். நிலையில் தலை இடிக்காமல் வீட்டுக்குள் வந்த நாளே கிடையாது. இடித்துக்கொண்டு அவரே சிரிப்பார். நான் அவர் எதிரில் நின்று பேசியதில்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. ஆனால் என் சாப்பாட்டுத் தட்டில் கிழங்கு குறைவாக இருந்தால், "அந்தப் பிள்ளைக்கு வச்சியா?" என்று அக்காவிடம் கேட்கும் குரல் மட்டும் எனக்கு வந்துகொண்டே இருக்கும்.

ஜப்பான்காரன் வந்து, வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போன பிறகு, தோட்டத்தில் பாலெடுக்க ரப்பர் மரத்தைச் சீவும் பால்மர வேலை நின்றது. அரிசி என்பது காய்ச்சல்காரர் கஞ்சிக்கு மட்டும் என்றானது. மரவள்ளிக் கிழங்கு, கிழங்கு, கிழங்கு. அதற்குத் தொட்டுக்கொள்ள எது பச்சையாகக் கண்ணில் பட்டாலும் பறித்துத் தின்றோம். அந்த நாட்களில்தான் அக்காவுக்கு லயத்தில் ஒரு மரியாதை வந்தது. கொடிக் கீரைகள் ஒன்றுபோல இருந்து ஏமாற்றும். வாய்க்காலில் மிதக்கும் கங்கோங் கீரைக்கு ஈட்டி மாதிரி இலை, உள்ளே ஓட்டையான தண்டு, வெளுத்த பூ. சக்கரவள்ளிக்கு அகன்ற இலை, கிள்ளினால் பால் வரும், பூவின் தொண்டை மட்டும் கறுத்துச் சிவந்திருக்கும். இரண்டையும் தின்னலாம். ரயில் பாதை ஓரத்தில் அதே ஊதாப் பூவோடு ஒன்று படரும். அதன் இலை ஐந்து விரலாக விரிந்திருக்கும், அதைத் தொடக் கூடாது. கொல்லையில் சிறிய மஞ்சள் பூவோடு வருவது ஆட்டுக்குத்தான் ஆகும். பசி வேகத்தில் எதையாவது பறித்துக்கொண்டு வந்த பெண்கள், உலையில் போடுவதற்கு முன்னால் அக்காவிடம் மடியை விரித்துக் காட்டுவார்கள். இவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, ஆகாததை ஒதுக்குவார். எங்கள் லயத்தில் கீரை தின்று யாரும் விழுந்ததில்லை.

இவற்றில் சேராத ஒன்று இருந்தது: கொடிக் காக்கட்டான். சங்குப்பூவையும் சிலர் காக்கட்டான் என்பார்கள், இது அதுவல்ல. இதுவும் புனல் பூதான். விடியும்போது வானத்து நீலம், வெயில் ஏற ஏறச் செம்மை தட்டி, பத்து மணிக்கு மேல் பிழிந்த துணிபோல முறுக்கிக்கொள்ளும். இலை மூன்று பிளவாக இருக்கும். தண்டெல்லாம் சுணை. காய் முற்றினால் உள்ளே கறுப்பாக, மூலை மூலையாக விதை. அந்த விதைதான் பேதி மருந்து. அக்கா பிறந்த வீட்டில் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்றைக் கழுவிவிடுவார்கள். மற்ற வீடுகளில் விளக்கெண்ணெய் என்றால் அவர் வீட்டில் இந்த விதையை வறுத்து இடித்த தூள். அன்றைக்குப் பிள்ளைகள் எல்லாம் ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஓடி ஒளியுமாம். "அந்தக் கொடிய எனக்குத் தெரியாம போகுமா? அதுக்குப் பயந்து பயந்தே அதோட அடையாளமெல்லாம் படிச்சு வச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தது இந்தச் சமயத்தில்தான். முதல் தடவை மூன்று மாத வேலை, அரிசிச் சோறு, துணி என்று ஆசை காட்டினார்கள். தானாகவே போனவர்கள் உண்டு. மூன்று மாதம் போய், அதற்கு மேலும் மாதங்கள் போயின. போனவர் ஒருவரும் திரும்பவில்லை. வந்ததெல்லாம் பேச்சுதான்: அங்கே வாந்திபேதியில் கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள் என்று. இரண்டாவது தடவை ஆசை காட்டவில்லை. வீட்டுக்கு ஓர் ஆண் லோரியில் ஏற வேண்டும் என்று கங்காணி லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்று, "உங்க வீட்டுல ரெண்டு ஆம்பளை இருக்கு. யாருன்னு நீங்களே பேசி வச்சுக்குங்க" என்றார். என்னமோ கல்யாணத்துக்கு யார் போவது என்று கேட்கிற மாதிரி.

நான் அப்போது வாயும் வயிறுமாக இருந்தேன். தானே போகிறேன் என்றார் மூத்தார். இல்லை, நான்தான் போவேன் என்றார் என் வீட்டுக்காரர். இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்க, அடுப்புக்கு முன்னால் இருந்த அக்கா, "ரெண்டு பேரும் வாய மூடுங்க. ஒருத்தரும் போகப் போறதில்ல" என்றார். அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர், கீரைக்காக அக்காவிடம் வந்துபோகிற மனிதர். ஒருநாள் வாய் தவறி ஒன்றைச் சொல்லியிருந்தார். வாந்திபேதிக்குப் பயந்துபோய் ஜப்பான்காரன் வயிற்றுப்போக்குக்காரனை ரயிலில் ஏற்றுவதில்லையாம், மொத்த வண்டியும் நாறிப்போகும் என்று கிட்டவே வரமாட்டானாம். மற்றவர்கள் காதில் அது வெறும் பேச்சாக விழுந்தது. அக்காவுக்கு அது காக்கட்டான் கொடியாக விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்வேலியில் ஒரு கொடி இருந்தது. காலையிலேயே போனோம். பூ விரிந்து நின்றது. மூன்று பிளவு இலை, சுணை, எல்லாம் சரி. ஆனால் காய்கள் பாதிக்குமேல் வெடித்து விதை சிந்திப்போயிருந்தது. கிடைத்தது ஓர் ஆளுக்குத்தான் காணும். மறுநாள் விடிந்தால் லோரி. அன்று முழுக்கத் தேடினோம். வெயில் சாயும் நேரத்தில், ரயில் பாதைக்குக் கீழே ஓடைக்கரையில் காய்த்துக் காய்ந்த கொடி ஒன்று அகப்பட்டது. பூவெல்லாம் முறுக்கிக்கொண்டு விட்டது. என்ன நிறம் என்றுகூடச் சொல்ல முடியாது. கொடியின் நுனியை எல்லாம் யாரோ பாராங் கத்தியால் வெட்டிப் போட்டிருந்தார்கள். அடியில் மிஞ்சியிருந்த இலைகளில் பிளவு இல்லை. வெற்றிலை மாதிரி முழுசாக இருந்தன. அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயை உடைத்தார்; அதே கறுப்பு விதை, அதே மூலை. மறுபடியும் இலையைப் பார்த்தார். "முத்தின கொடியில சிலது பிளக்காமலே நின்னுரும்" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று அப்போதே எனக்குச் சந்தேகம். பாதையில் ஆள் பேச்சுக் கேட்டது. மடியில் அள்ளிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

விதைகளைத் தனித்தனியாக வறுத்து, தனித்தனியாக இடித்தார். கருகல் வாசனை தெரியாமலிருக்கப் பக்கத்தில் பச்சை விறகைப் புகையவிட்டார். இரண்டு வாழையிலைப் பொட்டலம். ஆஸ்பத்திரி வேலியில் பறித்ததை என் வீட்டுக்காரருக்கு என்று என் கையில் கொடுத்தார். ஓடைக்கரையில் பறித்ததைத் தன் கணவருக்கு வைத்துக்கொண்டார். மாற்றிக்கொள்ளலாமே என்று எனக்கு வாய் வரை வந்தது. கேட்டால் என்ன பொருளாகும் என்று தெரியாமல் நின்றேன். அவரே சொன்னார்: "எனக்கு உறுதியா தெரிஞ்சத உனக்குக் கொடுத்துட்டேன். வயித்துப் பிள்ளைக்காரி நீ. சந்தேகமானத இன்னொருத்தி புருஷனுக்குக் கொடுக்க முடியுமா? என் புருஷன், என் பாடு."

விடியற்காலையில் அண்ணனும் தம்பியும் பொட்டலத்தோடு குழாயடிக்குப் போய் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வந்தார், மறுபடியும் ஓடினார். சிரிக்கக் கூடாத நேரம்தான். ஆனாலும் அந்தக் கால்கள் பின்னிக்கொண்டு ஓடியதை நினைத்தால் இப்போதுகூடச் சிரிப்பு வருகிறது. மூத்தார் படியில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் பக்கத்திலேயே நின்றார்.

"வயிறு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"கொஞ்சமாச்சும் பெரட்டுதா?"

"இல்லையே."

வெந்நீர் கொடுத்தார். எழுந்து நடக்கச் சொன்னார். நடந்தார். ஒன்றுமில்லை. கங்காணியும் ஒரு ஜப்பான்காரனும் வந்து எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். பாயில் சுருண்டு கிடந்த என் வீட்டுக்காரரைக் கண்டதும் அந்த ஜப்பான்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனான். வாசலில் நிமிர்ந்து நின்ற மூத்தாரைக் கையைக் காட்டி வரச் சொன்னான். மூத்தார் மாற்று வேட்டியையும் அவித்த கிழங்கையும் துண்டில் முடிந்துகொண்டார். நிலையில் தலை இடிக்காமல், முதல் தடவையாகக் குனிந்து வெளியே வந்தார். "மூணு மாசம்தானே" என்று அக்காவிடம் சொன்னார். அக்காவின் கண் அவர் வயிற்றிலேயே இருந்தது. "புருஷன் மொகத்தப் பாக்க வேண்டிய நேரத்துல, இப்பவாச்சும் ஏதாச்சும் ஆகுமான்னு அவரு வயித்தப் பார்த்துக்கிட்டு நின்னேன்டி" என்று பின்னால் எத்தனையோ தடவை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார். லோரி போன பிறகுதான் முகத்தைப் பார்க்காமல் விட்டது அவருக்கு நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே எண்ணம்தான். இலை சரியில்லை, தெரிந்தும் பறித்துவிட்டேன், நானே அவரை லோரியில் ஏற்றிவிட்டேன். யார் என்ன சொல்லியும் கேட்கவில்லை. பூ விரிந்திருக்கும் நேரத்தில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று விடியலில் ஓடைக்கரைக்குப் போனார். கிழங்கு போடுவதற்காக அந்த இடத்தையே வெட்டி எரித்துச் சாம்பலாக்கியிருந்தார்கள். திரும்பி வந்தவர், அன்று விதை புடைத்த முறத்தின் இடுக்கில் விரலை விட்டுத் துழாவினார். அந்த ஓடைக்கரை விதைகளில் நாலைந்து அங்கே சிக்கிக் கிடந்தன. ஒன்றைத் தின்று பார்த்துவிடலாமே என்று நான் கேட்டேன். "நாலு விதை என்ன காட்டும்? பசி வயிறு எதத் தின்னாலும்தான் கலங்குது. எனக்கு இலையப் பாக்கணும், பூவப் பாக்கணும்" என்றார். வீட்டுக்குப் பின்னால் கிழங்குப் பாத்தியின் ஓரத்தில் ஊன்றினார். ஒரு குச்சியும் நட்டார்.

தின்னுகிற கிழங்குக்கே இடம் போதாத காலத்தில் பூக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றும் பெண்ணைப் பார்த்து லயத்தில் பேசாத பேச்சில்லை. புருஷன் போனதில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். முளைத்தது இரண்டுதான். முதலில் வந்த வித்திலை இரண்டாகப் பிளந்து மாட்டுக் குளம்பு போல இருந்தது. அது எல்லாக் கொடிக்கும் அப்படித்தான் என்றார் அக்கா. அடுத்து வந்த இலை முழுசாக, பிளவில்லாமல் வந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. "பார்த்தியா, நான் சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அந்தக் கொடியின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. இலை மூன்று பிளவாக வந்துவிட்டால் அக்கா மேல் தப்பில்லை என்று ஆகிவிடும், அவர் மறுபடியும் தலை வாரிக்கொள்வார், சிரிப்பார் என்று நினைத்தேன். மாரியம்மனிடம் அதைத்தான் வேண்டிக்கொண்டேன். வேறு எதையாவது வேண்டியிருக்கலாம். ஒருநாள் காலை எழுந்து வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் பாத்தி ஓரத்தில் குந்தியிருந்தார். இரண்டு கொடியில் ஒன்று வேரோடு அவர் கையில் இருந்தது. அடுத்ததிலும் கை வைத்திருந்தார். "என்ன செய்றீங்க? உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று கத்திவிட்டேன். களை என்று நினைத்ததாகச் சொன்னார். தினமும் அண்ணி தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்கிற மனிதருக்கா களை தெரியாது? அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அண்ணன் போனதிலிருந்து அவரும் அரை ஆளாகத்தான் இருந்தார். அந்தக் குழப்பம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் எங்கள் கெடா மாநிலத்தையே ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டான் என்று பேச்சு வந்தது. இனிமேல் நாமெல்லாம் சயாம் ஆட்கள் என்று டிரஸ்ஸர் வந்து சொன்னார். அக்கா பாத்தியிலிருந்து தலையைத் தூக்காமல், "நாமளே சயாமுக்கு வந்துட்டோம். அவரு மட்டும் இன்னும் எங்க இருக்காரு?" என்றார். டிரஸ்ஸர் கிளம்பிப் போனார்.

மிஞ்சிய கொடியில் அடுத்தடுத்து வந்த இலைகள் மூன்று பிளவாக வந்தன. தண்டில் சுணை வந்தது. நான் குதிக்காத குறை. அக்கா மட்டும், "பூக்கட்டும்" என்றார். இலையை நம்பு என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், அந்த ஒரு தடவை இலையை நம்பப் பயந்தார்.

பூத்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரே ஒரு பூ, வானத்து நீலம், தொண்டையில் வெள்ளை. அக்கா அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் கூப்பிட்டேன், வரவில்லை. வெயில் ஏறியது. நீலத்தில் செம்மை ஏறியது. பத்து மணிக்கு மேல் அது முறுக்கிக்கொண்டு சுருங்கும் வரை அவர் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஓடைக்கரையில் பறித்தது அசல் காக்கட்டான்தான். நான் மாரியம்மனுக்கு மனதுக்குள் கைகூப்பினேன். அக்கா முகத்தில் நான் எதிர்பார்த்த மலர்ச்சி இல்லை. எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வீட்டுக்குள் இருந்த என் வீட்டுக்காரர் எதிரில் போய் நின்றார்.

"தம்பி, உங்க அண்ணன் அந்த மருந்தக் குடிச்சாரா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை. மருந்து சரியென்றால், சரியில்லாமல் போனது வேறு ஏதோ என்பது அக்காவுக்கு மட்டும்தான் விளங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே சொன்னார். குழாயடியில் அண்ணன் தன் பொட்டலத்தைப் பிரித்து வாய்க்காலில் கொட்டிவிட்டாராம். தடுக்கப் போன தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா நம்புவானாடா? நடிப்புன்னு ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போவான். ஒருத்தன் நல்லா நின்னாத்தான் ஒருத்தன் படுத்திருக்கிறத நம்புவான். உனக்குப் பிள்ளை வரப்போகுது" என்றாராம். அண்ணியிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். மருந்து வேலை செய்யவில்லை என்றே அவள் இருக்கட்டும் என்றாராம். அவள் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள் என்று அந்த நல்ல மனிதருக்குத் தோன்றவில்லை.

அக்கா கத்தவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் தப்பா பறிச்சுட்டேன்னு இருந்தப்ப, அவர என் கையிலேருந்து புடுங்கிட்டுப் போனாங்கன்னு இருந்துச்சு. அழ முடிஞ்சுது. இப்ப அவராத்தான போயிருக்காரு. என்னைய ஒரு வார்த்த கேக்கல" என்றார். அன்று சாயங்காலம் அந்தக் கொடியை அவரே பிடுங்கி அடுப்பில் போட்டார். அதன் பிறகு கீரைக்கு அவரைக் கேட்டு வந்தவர்களை என்னிடம் அனுப்பிவிட்டார். இலையைத் திருப்பும் அந்தக் கையை நான் மறுபடி பார்க்கவில்லை.

மகள் பிறந்தாள். முதலில் தூக்கியது அக்காதான். அவளைக் குளிப்பாட்டினார், தோளில் போட்டுத் தூங்க வைத்தார். அவளிடம் மட்டும் வாய்விட்டுப் பேசினார். என் வீட்டுக்காரருக்கு ஒன்றிலும் குறை வைக்கவில்லை. சாப்பாடு போட்டார், காய்ச்சலில் பத்துப் போட்டார். ஆனால் அண்ணியின் முன்னால் அவர் சோற்றில் கை வைக்கும்போது அந்தக் கை தயங்குவதை நான் தினமும் பார்த்தேன். ராத்திரி என்னிடம், "அண்ணன் போன இடத்துக்கு நான் போயிருக்கணும்" என்பார். அதற்கு நான் என்ன சொல்வது? போயிருக்கலாம் என்று சொல்வேனா? ஆனால் ஒன்று மட்டும் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தது: என் அண்ணன் எனக்காக மனதாரப் போனார் என்பது. அதைச் சொல்லும்போது மட்டும் முகம் நிமிரும்.

சண்டை முடிந்து, ஜப்பான்காரன் போய், சயாமில் மிஞ்சியவர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். எலும்புக்கூடுகள் மாதிரி. மூத்தார் அவர்களில் இல்லை. சில வாரம் கழித்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் கம்பு ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டைத் தேடி வந்தார். காலில் ஆறாத புண். மூத்தாரோடு ஒரே கொட்டகையில் இருந்தவர். இவர் கண்ணெதிரில்தான் மூத்தார் காய்ச்சலில் போனாராம். கடைசி நாட்களைப் பற்றி வீட்டாரிடம் சொல்வது கடமை என்று அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார். அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் வந்தவர் எதிரில் இருந்தார். காய்ச்சலில் கிடந்தபோது என்ன பேசினார் என்று அக்கா கேட்டார்.

"வேற என்னம்மா பேசுவாரு? ஒரே பேச்சுத்தான். என் சம்சாரம் எனக்குன்னு இடிச்சுக் கொடுத்த மருந்தக் கொட்டிட்டேன், கொட்டியிருக்கக் கூடாது, குடிச்சிருக்கணும், வீட்டுல இருந்திருப்பேன், அவகூட இருந்திருப்பேன். இதேதாம்மா. கடைசி மூச்சு வரைக்கும் இதேதான். அது என்ன மருந்துன்னுதான் எங்களுக்குப் புரியல."

அக்காவின் முகம் மெல்ல மெல்ல இளகியதை நான் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தில் உயிர் வந்தது. கண்ணீர் வழிய வழிய, குழந்தையை அணைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சினார். அந்த மனிதர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். போகும்போது நிலையில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார், விடவில்லை. வெளியே போனவரை அழைக்க என்னால் எழ முடியவில்லை.